நூறு ரூபாய் வெட்டு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்குப் பேப்பர் ஏஜென்சி இருந்தது. விடிகிற வேளையில் மெட்ராஸிலிருந்து ரயிலில் கட்டு வந்து இறங்கும். பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது சினிமாப் பக்கம். பட்ஜெட் கூட்டம் நடக்கிற நாட்களில் மட்டும் சட்டசபைப் பக்கம். அந்த அம்மா நேற்று எதில் தோற்றார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குக் காபி இறங்காது.

'அந்த அம்மா' எங்கள் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர். சுயேச்சை. பெயர் வேண்டாம், ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. எதிரில் நின்றால் 'அம்மா'. அவர் தெரு முனை திரும்பியதும் 'வாபஸ் வாங்காத அம்மா'.

இந்தப் பட்டம் வந்த கதைக்குச் சபை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மந்திரி தன் இலாகாவுக்குப் பணம் கேட்டு நிற்பார். அதில் குறை சொல்ல நினைக்கிற அங்கத்தினர், "இந்தத் தொகையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொடுப்பார். வெட்டுத் தீர்மானம் என்று பெயர். நூறு ரூபாயை வெட்டினால் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது; பேசுவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அங்கத்தினர் பேசுவார். மந்திரி "கவனிக்கிறோம்" என்பார். அங்கத்தினர் எழுந்து "வாபஸ் பெறுகிறேன்" என்பார். சம்பந்திகள் மாதிரி இருவரும் சிரித்துக்கொள்வார்கள். பெரும்பாலோர் செய்வது இதுதான். இந்த அம்மா வாபஸ் வாங்க மாட்டார். அப்புறம் வேறு வழியில்லாமல் சபாநாயகர் ஓட்டுக்கு விட வேண்டும். 'ஆம்' என்பவர்கள் சொல்லலாம் என்றால் ஒற்றைக் குரல். 'இல்லை' என்பவர்கள் என்றால் கூரை அதிரும். மறுநாள் பேப்பரில் "வெட்டுத் தீர்மானம் தோற்றது" என்று ஒரு வரி வரும். அவர் என்ன பேசினார் என்பது வராது. அந்த இடத்தில் தைல விளம்பரம் இருக்கும்.

குள்ளமான உருவம். மேடையில் பேசினால் மைக்கை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் மைக் தேவைப்படாத குரல். கதர்ச் சேலை, ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, ஏரிக்கரைகளில் நடந்து நடந்து வெடித்த குதிகால். கட்சிக்காரர்கள் தொகுதிக்கு ஜீப்பில் வருவார்கள். இவர் டவுன் பஸ்ஸில் வந்து, கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டு இறங்குவார்.

சபையில் அவருக்கு ஒரே கேள்விதான். எந்த இலாகாவாக இருந்தாலும், எந்தத் திட்டமாக இருந்தாலும் அதே கேள்வி. "தண்ணி எங்க போவும்?" நெடுஞ்சாலையை மேடு கட்டி உயர்த்தப் போகிறோம் என்பார் மந்திரி. மேட்டுக்கு மேற்கே பெய்கிற மழைத் தண்ணி எங்கே போகும் என்பார் இவர். கிணறு வெட்டவும் மோட்டார் வைக்கவும் கடன் கொடுக்கப் போகிறோம் என்பார் இன்னொருவர். "தாராளமாக் குடுங்க. ஆனா எல்லாக் கிணறும் அடியில ஒரே தண்ணியத்தான் இழுக்குது. மேல வரப்பு போட்டிருக்கோம், கீழ யாரு வரப்பு போடறது?" என்று கேட்டாராம். சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். இதை அவரே என்னிடம் சொன்னார், சிரிக்காமல்.

காணை ரோட்டில் புளியமரங்களை வெட்டியபோது அதற்கும் ஒரு நூறு ரூபாய் வெட்டு. புதுக்கன்று நடுவோம் என்றார் மந்திரி. இவர் வாபஸ் வாங்கவில்லை, தோற்றார். சொன்னபடி கன்று நட்டார்கள். ஆடு மேய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் அந்த ஆடுகளைப் பற்றி ஒரு தீர்மானம் கொடுத்தார். அதிலும் தோற்றார். ஆட்டிடம் தோற்ற அங்கத்தினர் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. நானும்தான் பேசினேன், என்னமோ பெரிய யோக்கியன் மாதிரி ஏன் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டுப் பேப்பரை மட்டும் நானே கொண்டுபோய்ப் போடுவேன். வாசலிலேயே நின்று, சட்டசபைப் பக்கத்தைத் திருப்பி, அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஏம்மா, தோக்கறதுன்னு தெரிஞ்சிக்கினே நிக்கறீங்களே. எல்லாரும் பண்றாப்பல வாபஸ் வாங்கிட்டா மந்திரிக்கும் ஒரு மரியாதை, உங்களுக்கும் ஒரு காரியம் ஆவும் இல்ல?"

"வாபஸ் வாங்கினா என்னா அர்த்தம் தெரியுமா ஏஜென்ட்டு? மந்திரி சொன்ன பதில் எனக்குப் போதும்னு அர்த்தம். போதலையே. போதலன்னா போதலன்னுதானய்யா சொல்லணும்."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அவர் வீட்டுக்காரர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். தினமும் பாசஞ்சரில் போய் வருகிற சாது. "எங்க ஊட்ல மந்திரிசபை கெடையாது சார், எதிர்க்கட்சி மட்டும்தான்" என்பார் என்னிடம். குழம்பில் உப்பு கம்மி என்று அவர் சொல்லிவிட்டால் போதும், சரியாக இருக்கிறது என்று சொன்ன அம்மா அந்தக் குழம்பைக் கடைசிச் சொட்டுவரை தானே சாப்பிட்டு முடிப்பாராம்.

வானூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பந்தியைச் சாதி பார்த்துப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "ஒரே பந்தியாப் போடுங்க, உக்கார்றேன்" என்றார் இவர். அவர்கள் போடவில்லை. இவர் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணுக்கு அட்சதை போட்டுவிட்டுப் பசியோடு பஸ் ஏறினார். இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள். அதே பிரிந்த பந்தி, அதே வேப்பமரம், அதே டம்ளர் தண்ணீர். அந்த வீட்டுக்காரர் மாறவில்லை. இவரும் மாறவில்லை. எனக்கு இதில் அலுப்பாக இருந்தது என்பதுதான் உண்மை. ஜெயிக்காத பிடிவாதத்தை எத்தனை காலம் மெச்சிக்கொண்டிருப்பது?

ஆனால் ஒருமுறை, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே, அவர் பிறந்த ஊரைப் பற்றிச் சொன்னார். ரோட்டை மேடாக்கிக் கட்டிய வருஷம் அடைமழை. தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பிவிட்டது. "எங்க ஊட்ல மூணு பேரு தூங்கிக்கினு இருந்தாங்க" என்றார். அந்த மூன்று பேர் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அப்புறம் அவருடைய ஒற்றைக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அட்டைக் கம்பெனி வந்தது அதற்குப் பிறகுதான். மயிலம் போகிற வழியில் உள்ளடங்கி ஓர் ஊர். ஊருக்கு வடக்கே ஏரி. ஏரிக்கும் வடக்கே, தண்ணீர் வந்து சேர்கிற வாய்க்கால் ஓடும் புறம்போக்கில், வைக்கோலைச் சுண்ணாம்பில் வேகவைத்து அட்டை செய்கிற ஆலை கட்டப்போவதாகப் பேச்சு. மெட்ராஸ் முதலாளி, சர்க்கார் கடனும் நிலமும் கொடுக்கிறது. இந்த அம்மா அந்த இடத்தை நாலு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தார். ஆலை வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. கிழக்கே கொஞ்சம் தள்ளி மேட்டில் கட்டினால் வாய்க்கால் தப்பிக்கும், கழிவும் ஏரிக்குள் வராது என்பதுதான் அவர் வாதம். தொழில் இலாகா மானியக் கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுத்தார். பேப்பரில் ஒரு வரி வந்தது: "அட்டை ஆலை: வெட்டுத் தீர்மானம்."

அந்த ஒரு வரியை அந்த ஊர் டீக்கடையில் யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள்.

மறுநாளே ஊர் கிளம்பி அம்மா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பேப்பர் போடப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர்; முன்னால் கட்டைக் குரலில் ஒரு பெரியவர். அவர் கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவே நோட்டும் சில்லறையுமாக நூறு ரூபாய். வீட்டுக்கு வீடு வசூல் செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

தட்டை அம்மாவின் காலடியில் வைத்தார் பெரியவர். "அம்மா, நாங்க ஏழைபாழைங்க. எங்க கம்பெனி பணத்துல நூறு ரூபா வெட்டச் சொன்னீங்களாமே. அந்த நூற நாங்க குடுத்துர்றோம். அதுல கைவெக்க வாணாம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், போய்விட்டது.

"ஐயா, அது நிஜப் பணம் இல்ல. சபையில பேசறதுக்கு அப்படி ஒரு மொறை. சும்மா ஒரு பேச்சுக்கு."

"சும்மா ஒரு பேச்சுக்கு எதுக்கும்மா எங்க பணத்த வெட்டணும்?"

அம்மா விளக்கினார். தரையில் விரலால் ஏரி வரைந்தார், வாய்க்கால் வரைந்தார், ஆலையின் மதிலை வரைந்தார். அவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணும் தரையில் இல்லை, தட்டில் இருந்தது.

"நீங்க ரொம்பப் பேசினா கம்பெனியத் தூக்கி வேற ஊருக்குக் குடுத்துருவாங்களாம், கான்ட்ராக்டர் சொல்றாரு. எங்க பசங்க மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்க எத்தினி நாளைக்குக் கூலிக்குப் போவானுங்க? வைக்கலுக்கு ஒரு வெலை வரும். வாபஸ் வாங்கிக்கங்கம்மா."

"ஏரி என்னா ஆவும்யா?"

பெரியவர் சிரித்தார். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பதுபோல, வாஞ்சையாகத்தான். "ஏரி எங்கம்மா போயிடும்? எங்க பாட்டன் காலத்துலருந்து அங்கியேதான் கீது."

பணத்தை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்க மறுத்தவர்களைத் துரத்தித் துரத்திக் கொடுத்தார். வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

விவாதத்தன்று பார்வையாளர் அனுமதிச் சீட்டு ஒன்று எனக்கு வாங்கித் தந்திருந்தார். ஒன்றாகத்தான் ரயிலில் போனோம். மதுராந்தகம் ஏரி கண்ணில் பட்டு மறைகிறவரை ஜன்னலோரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு தாண்டியதும், "எதிர்க்கிறவங்கள எதிர்த்து நிக்கலாம் ஏஜென்ட்டு. தட்டு வெச்சிக் கும்புடறவங்கள எப்படிய்யா எதிர்த்து நிக்கிறது?" என்றார். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், சாப்பிடவில்லை.

மேலே பால்கனியில் உட்கார்ந்து அவர் பேசியதை முழுக்கக் கேட்டது அன்று ஒருநாள்தான். என்ன பேச்சு! குரலை உயர்த்தவில்லை. அந்த வாய்க்கால் எந்த ஓடையில் பிறக்கிறது, எந்தக் கல்லில் திரும்புகிறது, மழை பெய்தால் எவ்வளவு நேரத்தில் ஏரிக்கு வந்து சேர்கிறது என்று பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். மதிலுக்கு அடியில் குழாய் வைத்தால் வைக்கோல் வந்து அடைக்கும் என்றார். சுண்ணாம்புத் தண்ணீர் ஏரிக்குள் வந்தால் முதலில் மீன், அப்புறம் மாடு, அப்புறம் கிணறு என்று வரிசை சொன்னார். நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்த சபையில் கொட்டாவிச் சத்தம் எனக்குக் கேட்டது.

மந்திரி நல்லவராகத்தான் பேசினார். "தண்ணீர் போக வழி விடப்படும் என்று கனம் அங்கத்தினருக்கு உறுதி கூறுகிறேன்" என்றார். சபாநாயகர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த அம்மாவிடம் வாபஸ் கேட்டுப் பழக்கமில்லாததால் நேராக ஓட்டுக்கு விடப் போனார்.

அப்போது இவர் எழுந்து, "வாபஸ் பெறுகிறேன்" என்றார்.

சபாநாயகர் நிமிர்ந்தார். சரியாகக் கேட்டதா என்று திரும்பக் கேட்டார். இவர் திரும்பச் சொன்னார். சபை முழுவதும் மேஜையைத் தட்டியது. மந்திரி எழுந்து கும்பிட்டார். வாபஸ் வாங்கவும் சபையின் சம்மதம் வேண்டுமாம், சபாநாயகர் கேட்டார். 'ஆம்' என்று கூரை அதிர்ந்தது. அத்தனை வருஷத்தில் அவர் கேட்ட ஒன்றுக்குச் சபை 'ஆம்' சொன்னது அன்றைக்குத்தான்.

ஆலை கட்டினார்கள். தண்ணீர் போக வழியும் விட்டார்கள். மதிலுக்கு அடியில் ஒரு குழாய், ஒரு குடம் நுழைகிற அகலம். முதல் மழையில் வைக்கோல் வந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி எங்கோ போனது. ஏரிக்கு வந்தது ஆலைத் தண்ணீர் மட்டும், ஆறிப்போன டீயின் நிறத்தில். மீன் மல்லாந்தது. மாடுகள் கரைவரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. அவர் சொன்ன வரிசை பிசகவில்லை. வைக்கோலை விற்றுவிட்டதால் மாடுகளுக்குத் தீனியும் இல்லை, அவற்றையும் விற்றார்கள். சபையில் சொன்ன உறுதிமொழி என்னவாயிற்று என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். வழி விடப்பட்டுவிட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பதில் வந்தது. குழாய் இருக்கிறதே, பொய் இல்லையே.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். அந்த ஊரிலும் ஓட்டு விழவில்லை. "நம்ம கம்பெனிக்கே நூறு ரூபா வெட்டப் பாத்தவங்கதான அது" என்று எதிர்த்து நின்றவர் மைக் வைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு காலையில் நான் பேப்பர் போடப் போனபோது வாசலில் அதே பெரியவர். கூட வந்தவர்கள் குறைந்திருந்தார்கள். அதே பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, நடுவே நூறு ரூபாய்.

"அம்மா, இப்ப வெட்டச் சொல்லுங்கம்மா."

அம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"கெணத்துத் தண்ணி வாய்ல வெக்க முடியல. கொயந்தைங்க ஒடம்பெல்லாம் சொறி. எங்க பசங்கள்ல வேலைக்கி எடுத்ததே நாலு பேரு, அவனுங்களும் சுண்ணாம்புத் தொட்டியில நின்னுக்கினு காலெல்லாம் வெந்து கெடக்கிறானுங்க. நீங்க அன்னிக்கு வெட்டப் போனீங்களே, அத இப்ப வெட்டுங்க. இந்தாங்க நூறு."

"நான் இப்ப சபையில இல்லய்யா. இருக்கிறவரப் போய்ப் பாருங்க."

"பாத்தோம்மா. போன வருசமே தட்டு வெச்சோம்." பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "அவரு வாங்கிக்கினாரு."

அப்புறம் பெரியவர்தான் கேட்டார், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல. "அன்னிக்கு அங்க என்னாதாம்மா பேசுனீங்க எங்க ஏரியப் பத்தி? பேப்பருல ஒண்ணும் போடலியே."

அம்மா சொன்னார். வாசற்படியில் உட்கார்ந்து, அன்று சபையில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஓடை, கல், வாய்க்கால், குழாயை அடைக்கப் போகிற வைக்கோல், மீன், மாடு, கிணறு. இந்தத் தடவை அவர்கள் கண் தட்டில் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை.

பெரியவர் கேட்டார். "இத்தினியும் அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா வாபஸ் வாங்குனீங்க?"

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறிவிட்டது. "யோவ் பெரியவரே, தட்டத் தூக்கிக்கினு வந்து கால்ல வெச்சது யாரு..." என்று கத்தியேவிட்டேன்.

"ஏஜென்ட்டு, நீ சும்மா இரு" என்றார் அவர். பிறகு பெரியவரிடம், "ஆமாய்யா. தெரிஞ்சிதான் வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது" என்றார்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபம்கூட இல்லை அவரிடம். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் அந்த அம்மா. அவர்கள் குடித்தார்கள். ஒருவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாக்கீதும்மா தண்ணி" என்றார். பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மயிலம் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். பேப்பரைக் கையில் வாங்கினார். நின்ற இடத்திலேயே சட்டசபைப் பக்கத்தை மட்டும் பிரித்து உருவி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நாளையிலருந்து இது இல்லாமப் போடு ஏஜென்ட்டு."

இரண்டு நாளில் சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். பட்ஜெட் கூட்டம் வந்தது. சும்மா மடித்து அப்படியே போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் மட்டும் திண்டிவனம் வெயிலில் வாசலுக்கு வெளியே கிடந்தது. அதன்பிறகு தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பேப்பரில் அந்தப் பக்கத்தை உருவி எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். அவர் இருந்த வரைக்கும் அப்படித்தான். அந்தச் சொல்லை அவர் வாபஸ் வாங்கவே இல்லை.